எழுத்து வழி வந்த நட்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாங்கள் சிலர் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்கிறோம். தாளில் எழுதுபவர்களும் உண்டு, மின்னஞ்சலில் எழுதுபவர்களும் உண்டு. இலக்கியம் எல்லாம் இல்லை. அந்த வாரம் வீட்டில் நடந்தது, ஆபீசில் நடந்தது, மனதுக்குள் நடந்தது, அவ்வளவுதான். பெரம்பூர், மேற்கு மாம்பலம், வேளச்சேரி, தாம்பரம் என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறோம். கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, சந்தா கிடையாது. கேள்விப்படுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள் என்பதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாம் என் சொந்தக் கருத்து. கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது.

இது அந்தக் காலத்துப் பேனா நட்பு மாதிரியா?

பாதி அப்படித்தான். பத்திரிகைகளில் பேனா நட்புப் பகுதி வந்த காலம் நாற்பது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்றால் தபால்தலை சேகரித்தல். முதல் இரண்டு கடிதம் ஆர்வமாகப் போகும். மூன்றாவது ‘உங்கள் ஊரில் மழை உண்டா’ என்பதில் வந்து நிற்கும். நாங்கள் பொழுதுபோக்கில் ஆரம்பிப்பதில்லை. போன வாரம் உங்களை எது தூங்கவிடவில்லை, எது சிரிக்க வைத்தது என்பதில் ஆரம்பிக்கிறோம். அதனால் மழையைப் பற்றி எழுதினாலும் அது வேறு மழையாக இருக்கிறது.

வாட்ஸ்அப் கையில் இருக்கும்போது கடிதம் எதற்கு?

வாட்ஸ்அப்பில் அனுப்பிய கையோடு நீல டிக் விழுந்ததா என்று பார்க்கிறோம். விழுந்தும் பதில் வரவில்லை என்றால், சொல்ல வந்த கஷ்டத்தோடு இதுவும் ஒரு கஷ்டமாகச் சேர்ந்துகொள்கிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பதில் வர நாலு நாள் ஆகும் என்று எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். அந்த நாலு நாளில் படித்தவர் யோசிக்கிறார், எழுதியவருக்குச் சூடு தணிகிறது. மின்னஞ்சலில் எழுதுபவர்களும் இதே வழக்கத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்: அன்றைக்கே பதில் போட வேண்டியதில்லை.

செலவும் பெரிதில்லை. தபால் கார்டு 50 காசு, இன்லேண்டு 2 ரூபாய் 50 காசு. கார்டில் மட்டும் மனக்கஷ்டத்தை எழுதாதீர்கள். உங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அதைப் படிக்காமல் மேலே அனுப்ப மாட்டார்.

முகமே பார்க்காதவரை நண்பர் என்பது கொஞ்சம் அதிகமாக இல்லையா?

இந்தக் கேள்வி வந்தால் போதும், கூட்டத்தில் யாராவது பிசிராந்தையாரை இழுத்து வந்துவிடுவார்கள். உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டுப் பிசிரில் ஆந்தையார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உயிர் விடத் துணிந்து வடக்கு நோக்கி உண்ணாமல் உட்கார்ந்தபோது, அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்து சேர்ந்தார் என்று புறநானூற்றுப் பாடல்கள் சொல்கின்றன. அழகுதான். ஆனால் அவர் வந்தது கூடவே உயிரை விட. நமக்கு அவ்வளவு வேண்டாம், மாதம் ஒரு கடிதம் போதும்.

நான் சொல்வது இது. சாதாரணமாக ஒருவரோடு பழகும்போது வெளிப்பக்கம் முதலில் தெரிகிறது: பெயர், தெரு, வேலை, வண்டி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி. உள்ளே என்ன இருக்கிறது என்பது வருடக்கணக்கில் மெதுவாகத் தெரியவரும், தெரியாமலே போவதும் உண்டு. எழுத்தில் இந்த வரிசை தலைகீழ். எங்களில் ஒரு அக்காவுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வருவதற்கு முந்தைய ராத்திரி என்ன பயம் என்பது எனக்குத் தெரியும். அவர் இருப்பது அம்பத்தூரிலா அடையாறிலா என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இந்த நட்பின் பலமும் இதுதான், ஆபத்தும் இதுதான். உள்ளே தெரிந்துவிட்டதால் ஆளையே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் சர்வரிடம் எப்படிப் பேசுவார், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பாரா, நாம் காய்ச்சலில் படுத்தால் எட்டிப் பார்ப்பாரா, ஒன்றும் தெரியாது. வெளிப்பக்கத்தை அப்புறமாக, பொறுமையாகத் தெரிந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஒரு கணக்கு சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டுமாம்; நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். வேலை போக, கிண்டி சிக்னல் போக, சென்னையில் யாரிடம் 200 மணி நேரம் இருக்கிறது? நான் கடித நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எனக்கு எழுதுகிறவர் அந்த ஒரு மணி நேரமும் என்னோடுதானே இருக்கிறார்.

வீட்டில் ஆட்கள் இருக்க, வெளியாளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

வீட்டில் இருப்பவர்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள், அதனால்தான். வேலை போய்விட்டது என்றால் மனைவி காதில் விழுவது அடுத்த மாத இ.எம்.ஐ. மாமியார் பேசியதை அம்மாவிடம் சொன்னால், அம்மா ராத்திரி தூங்க மாட்டார், காலையில் பெரியம்மாவுக்கு போன் போகும், மதியத்துக்குள் மாமியாருக்கே போய்ச் சேரும். சொன்னது சொன்ன இடத்தில் நிற்காது என்று தெரிந்துதான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்த்த ஒருவர், வேலை போனதைச் சில வாரம் வீட்டில் சொல்லவில்லை. (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவார். அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் லேப்டாப்பைத் திறந்து வைத்து ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். இதை முதன்முதலில் எழுதியது எங்களுக்குத்தான். நாங்கள் ஆளுக்கொரு வேலை விளம்பரத்தை அனுப்பியிருப்போம். நல்ல வேளை, பெரம்பூர் அக்கா முந்திக்கொண்டார். அவர் கேட்டது இவ்வளவுதான்: “மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடறீங்க தம்பி? பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

அந்த வரியைப் படித்துத்தான் அழுதேன் என்று பிறகு எழுதினார். அந்த வாரமே வீட்டில் சொல்லிவிட்டார். வேலை போனதில் மனைவிக்குக் கோபமில்லையாம். தன்னைத் தினமும் டப்பா கட்ட வைத்ததில்தான் கோபம். நியாயம்தானே.

வெளியாளிடம் சொல்வது பல சமயம் வீட்டில் சொல்வதற்கான ஒத்திகை. ஒருமுறை வாக்கியமாக வந்துவிட்டால் அடுத்த முறை வாய் வருகிறது.

எழுதினால் மனசு நிஜமாகவே லேசாகுமா? இல்லை, சும்மா சொல்வதா?

ஆகும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை, நினைக்கிற வேகத்திலும் இல்லை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார். சிலரை மனதைப் பாதித்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னார், சிலரை ஏதோ சாதாரண விஷயத்தை எழுதச் சொன்னார். தினம் 15 நிமிடம், தொடர்ந்து நாலு நாள். எழுதி முடித்ததும் முதல் பிரிவினருக்கு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அதன் பிறகு நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. மொத்தமாகப் பார்த்தால் பலன் உண்டு, சிறிய பலன்.

எழுதிய அன்றைக்கு மனம் கனக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று சொல்பவர்கள் எங்களிடமும் உண்டு. சாயந்திரம் எழுதுங்கள், எழுதிவிட்டுக் கடைக்குப் போய்விட்டு வாருங்கள். பெரிய துக்கம் நடந்த கையோடு யாரையும் எழுது எழுது என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

எனக்கு எழுத வராது. பிழை நிறைய வரும்.

வரட்டும். லகரம் ளகரம் திருத்துகிறவர் ஒருவர் ஆரம்பத்தில் இருந்தார், அவராகவே அடங்கிவிட்டார். பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதி எல்லா போனிலும் இருக்கிறது. தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுதினாலும் புரியும்.

முதல் கடிதத்தில் என்ன எழுதுவது?

வாழ்க்கை வரலாறு வேண்டாம். பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது என்று பத்துப் பக்கம் வந்தால் படிக்கிறவருக்கு எந்த இடத்தில் பதில் சொல்வது என்று தெரியாது. ஒரே ஒரு விஷயம், இந்த வாரத்தது. தாம்பரத்திலிருந்து ஒருவர் எழுதிய முதல் கடிதம் முழுக்க, பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் தினமும் எதிரே உட்காரும் ஒரு பெரியவர் நாலு நாளாக வரவில்லை என்பதைப் பற்றி. பெயர்கூடத் தெரியாத ஆளுக்காக ஏன் இப்படி மனசு அடித்துக்கொள்கிறது என்று கேட்டிருந்தார். அந்த ஒரு கடிதத்தில் அவரை எங்களுக்குப் பிடித்துப்போனது. (பெரியவர் பேத்தி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாராம்.)

கஷ்டத்தை எழுதுகிறவருக்கு என்ன பதில் எழுதுவது? எனக்கு வார்த்தையே வராது.

கேட்பதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். மறதி நோய் உள்ள அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தோழி எழுதினார்: “இன்னிக்கு சாயந்திரம் காபி கொடுத்தேன். வாங்கிக்கிட்டு, ‘நீ யார் வீட்டுப் பொண்ணும்மா, நல்லா இருக்கணும்’னு சொன்னாங்க.”

இதற்கு நம் ஊரில் சாதாரணமாக வரக்கூடிய பதில்களைப் பாருங்கள்.

“தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்.” சரியாகாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இதைப் படித்த பிறகு அவர் மேற்கொண்டு ஒன்றும் எழுத முடியாது.

“எங்க மாமியாருக்கும் இப்படித்தான் ஆச்சு, கடைசியில பார்த்தா...” இப்போது கதை உங்கள் மாமியாருடையது ஆகிவிட்டது.

“வல்லாரை கொடுத்துப் பாருங்க.” ஏற்கெனவே தூக்கமில்லாதவருக்கு இன்னொரு வேலை.

“அம்மாவைப் பார்த்துக்கற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்குமா?” நான்கிலும் மோசமானது இது. இதற்குப் பிறகு அவர் ‘எனக்கு அலுப்பாக இருக்கிறது’ என்று எழுதினால் பாவம் செய்தவர் ஆகிவிடுவார்.

எங்களில் ஒருவர் எழுதிய பதில் மூன்றே வரி: “ஆள் மறந்துபோச்சு, வாழ்த்தறது மறக்கல பாருங்க. நீங்க என்ன சொன்னீங்க? காபி குடிச்சாங்களா?” அதற்கு அந்தத் தோழியிடமிருந்து வந்தது ஆறு பக்கக் கடிதம். அதில் கோபம் இருந்தது, அண்ணனைப் பற்றிய புகார் இருந்தது, அம்மாவின் பழைய மிளகு ரசத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது.

சூத்திரம் என்று ஒன்றும் இல்லை. அவர் எழுதியதில் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றிக் கேளுங்கள். யோசனை சொல்லத் தோன்றினால், ‘யோசனை வேண்டுமா, கேட்டுக்கொண்டால் போதுமா’ என்று முதலில் கேளுங்கள். அந்தத் தோழி பிறகு அவராகவே கேட்டார். அப்போதுதான் அண்ணா நகர் பக்கம் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பில் மறதி நோய்க்கென்றே சேவை இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். முதல் கடிதத்துக்குப் பதிலாக அதை அனுப்பியிருந்தால் அது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் ஒரே புலம்பலாகிவிடாதா?

ஆகும். அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் கவனித்துச் சொன்ன விஷயம் எனக்கு மிகவும் உபயோகப்பட்டது. நண்பர்கள் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசிக் கிண்டிக்கொண்டே இருந்தால் நட்பு இறுகுகிறது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் ஏறுகின்றன. பெண் பிள்ளைகளிடம் அவர் இதை அதிகமாகப் பார்த்தார். என் அனுபவத்தில் ஐம்பது வயது ஆண்களும் சளைத்தவர்கள் இல்லை, மேலதிகாரி என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

ஒருவர் ஒரே விஷயத்தை மூன்றாவது கடிதத்திலும் எழுதினால், யாராவது மெதுவாகக் கேட்பது எங்கள் வழக்கம்: “போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் ஏதாவது மாறியதா?” மாறவில்லை என்றால் அது கடிதத்தால் தீருகிற விஷயமில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும். அப்புறம், வெட்டிக் கடிதங்களும் கட்டாயம் வேண்டும். மெட்ரோ வாட்டர் லாரி வராதது, மாடியில் வைத்த கத்தரிச் செடி, பக்கத்து வீட்டுக்காரரின் ஹார்மோனியம். சிரிக்காத நட்பு அழுகைக்கும் ரொம்ப நாள் தாங்காது.

சொந்தப் பெயரில் எழுதுவதா, புனைபெயரிலா?

இரண்டும் சரிதான். முகவரி கொடுக்கத் தயக்கமாக இருந்தால் தபால் நிலையத்தில் வாடகைக்கு அஞ்சல் பெட்டி எடுக்கலாம். வீட்டு முகவரி வெளியே போகாது. மின்னஞ்சலுக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் புனைபெயரில் ஒளிந்துகொண்டு, நாத்தனாரின் விவாகரத்தையும் தம்பியின் வைத்தியத்தையும் விலாவாரியாக எழுதினால், மறைந்திருப்பது நீங்கள் மட்டும்தான். அவர்கள் ரகசியம் அவர்களுடையது. அதனால் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்: அந்தச் செய்தி கேட்டு என்ன செய்தீர்கள், எப்படி இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படம் எடுத்து வேறொருவருக்கு அனுப்பினால் எங்கள் கூட்டத்தில் அதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. நாங்கள் கறாராக இருக்கும் ஒரே இடம் இது.

நேரில் சந்திக்கலாமா?

சந்திக்க வேண்டும் என்பேன், ஆனால் அவசரமில்லை. முதல் சந்திப்பு பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா வசதி: பெஞ்சு உண்டு, மரநிழல் உண்டு, சுற்றிலும் நடைப்பயிற்சி மாமாக்கள் உண்டு. அமிர்தாஞ்சன் தொடங்கியவர் பெயரில் இருக்கும் பூங்கா என்பதால் தலைவலி தரும் சந்திப்புக்கும் பொருத்தம்தான். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது கூட்டமாகச் சந்திப்பது இன்னும் சுலபம். பேச ஒன்றும் இல்லை என்றால் புத்தகம் பார்க்கலாம்.

முதல் அரைமணி நேரம் கூச்சமாகத்தான் இருக்கும். பக்கம் பக்கமாக எழுதுகிறவர் நேரில் ‘ம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் உள்மனசு உங்களுக்குத் தெரியும், உங்களுடையது அவருக்குத் தெரியும், காபியில் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் இருவருக்கும் தெரியாது.

இன்னொன்றும் நடக்கும். கடிதத்தில் ஒருநாளும் வராத ‘சொந்த ஊர் எது’ என்ற கேள்வி நேரில் வந்துவிடும். ஊர், அப்புறம் எந்தத் தெரு, அப்புறம் குலதெய்வம் எது. எதைத் தேடிச் சுற்றி வளைக்கிறார் என்று எல்லோருக்கும் புரியும். எங்களில் ஒருவர் அதற்கு வைத்திருக்கும் பதில், “எங்க குலதெய்வம் பேருந்து நிறுத்தம் சார், 29சி.” சிரித்துக்கொண்டே சொல்வார், கேட்டவர் அதோடு விட்டுவிடுவார். சாதி தெரியாமல் ஒருவர் மனதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இந்த ஊரில் எத்தனை தடவை கிடைக்கும்? அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆணும் பெண்ணும் எழுதிக்கொண்டால் வீட்டில் சந்தேகப்பட மாட்டார்களா?

சில வீடுகளில் படுவார்கள். கடிதத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பதில்லை, அது அந்தரங்கம். ஆனால் கடிதம் எழுதுகிறோம் என்பதையே மறைக்க வேண்டியிருந்தால், ஏன் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பதில் வீட்டுச் சூழ்நிலையாக இருக்கலாம், உங்கள் மனசாகவும் இருக்கலாம். காதலாக மாறினால்? மாறட்டும், இருவருக்கும் சம்மதம் என்றால் எங்களுக்கு என்ன. ஒருவருக்கு மட்டும் மாறினால் அதை நேராகச் சொல்லி, மற்றவர் வேண்டாம் என்றால் விலகிக்கொள்வதுதான் மரியாதை.

பணம் கேட்டால்?

கொடுக்காதீர்கள். மனம் விட்டு எழுதுகிற இடம் என்று தெரிந்தே வருகிற மோசடிக்காரர்கள் உண்டு. நாலு அழுகைக் கடிதம், ஐந்தாவதில் ஆஸ்பத்திரி பில். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

எழுத்து நண்பர்கள் அவசரத்துக்கு உதவுவார்களா?

உதவுவார்கள், ஆனால் அவர்களை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது கோட்டூர்புரத்திலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் முடிச்சூரிலும் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது, மின்சாரம் இல்லை, பல இடங்களில் செல்போன் செத்துப்போனது. அன்றைக்குக் கதவைத் தட்டியவர்கள் படகோடு வந்த மீனவர்கள், எதிர் மாடி ஆட்கள், பேர் தெரியாத இளைஞர்கள். 2023-இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மறுபடி அதே கதை.

மிக்ஜாமுக்குப் பிறகு நாங்கள் ஒரு வேலை செய்தோம். விருப்பமுள்ளவர்கள் தங்கள் தெருவில் இருக்கும் ஒருவரின் பெயரையும் போன் எண்ணையும், அவர் சம்மதத்தோடு, கூட்டத்தில் ஒருவரிடமாவது கொடுத்துவைப்பது. இதைக் கேட்டபோது வேளச்சேரிக்காரர் ஒருவருக்குக் கொடுக்க ஆளே இல்லை. பத்து வருடம் ஒரே ஃப்ளாட், எதிர்க் கதவில் யார் என்று தெரியாது. எண் வாங்குவதற்காகவே பொங்கல் பாத்திரத்தோடு போய் மணி அடித்தார். இப்போது அவருடைய கடிதங்களில் பாதி எதிர் வீட்டைப் பற்றித்தான் இருக்கிறது.

எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

பெரும்பாலும் இருக்காது. தேர்வு, இடமாற்றம், குழந்தை, சலிப்பு, எதுவாகவும் இருக்கலாம். ஒரு வரி எழுதுங்கள்: நலமா, பதில் எழுதக் கட்டாயமில்லை. சில மாதம் கழித்து இன்னொன்று. அதோடு விடுங்கள். ‘என்னை மறந்துவிட்டீர்கள்’ என்று ஆரம்பிக்கும் கடிதத்துக்குப் பதில் எழுத யாருக்கும் கை வராது.

யாராவது ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று எழுதினால்?

அப்போது கடித வழக்கம் எதுவும் கிடையாது. நாலு நாள் காத்திருக்கக் கூடாது, உடனே போன். ‘தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிட மாட்டோம். பலருக்கு யாராவது கேட்டதே ஆறுதலாக இருக்கும். தனியாக விடக் கூடாது, பக்கத்தில் இருக்கக்கூடிய ஒருவருக்குச் சொல்ல வேண்டும். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவர் கேட்டிருந்தாலும் சரி, இந்த ஒரு விஷயத்தில் ரகசியம் காப்பதில்லை என்று சேரும்போதே எல்லோரிடமும் சொல்லிவைக்கிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

சென்னையிலேயே சினேகா அமைப்பு இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கியது, எண் 044-24640050. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே, இலவசமாக. தமிழக அரசு 2022-இல் இதைத் தொடங்கியபோது வைத்த பெயர் ‘நட்புடன் உங்களோடு’. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பங்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. சிகிச்சைதான் முதல் வேலை.

அப்படியானால் இது கவுன்சலிங்குக்கு மாற்றா?

இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டுப்போயிருந்தால், எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இலிருந்து வருகிற நிறுவனம். அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அங்கே போகத் தயக்கம் என்றால் சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு கடிதம் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சிலர் அதற்குப் பிறகுதான் நன்றாக எழுதுகிறார்கள்.

வயதானவர்கள் சேரலாமா?

அவர்கள்தான் ஒழுங்காக எழுதுகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு தாத்தா, மகன் நியூஜெர்சியில். கடிதத்தின் மேல் மூலையில் தேதிக்குப் பக்கத்தில் அன்றைய வெயில், காற்று, அயோத்தியா மண்டபம் பக்கம் தண்ணீர் நின்றதா இல்லையா, எல்லாம் இருக்கும். மகனோடு தினமும் வீடியோவில் பேசுகிறார். ஆனால் அதில் நல்ல முகம் மட்டும்தான் காட்ட முடிகிறதாம். முதியோருக்கென்று 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

நானும் சேரலாமா?

எங்களோடு இப்போது முடியாது, ஏற்கெனவே பதில் கடன் ஏறிக்கிடக்கிறது. நீங்களே தொடங்குங்கள். நாலைந்து பேர் போதும், எல்லோரும் முன்பின் தெரியாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தவர் கடிதம் வெளியே போகக் கூடாது, கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது, பணம் கூடாது. இதற்கு மேல் விதி வேண்டாம். யார் எப்போது எழுதுவது என்று அட்டவணையும் போடாதீர்கள். போட்டால் சங்கம் ஆகிவிடும், அப்புறம் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வந்து, ஆண்டு விழாவுக்கு யார் சால்வை வாங்குவது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.